அழைப்பு வரும்வரை

தபாற் கந்தோரில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, தபாலதிபராக ஓய்வு பெற்றவன் நான். முப்பத்து மூன்று ஆண்டுகள் பிறருடைய கடிதங்களோடு வாழ்ந்தேன். கடிதத்தை எதிர்பார்த்து நிற்கும் முகம் எப்படி இருக்குமென்பதை நான் அறிவேன். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன மகளின் கடிதத்துக்காக நின்ற தாய்மாரையும், பரீட்சை முடிவுக்காக நின்ற பிள்ளைகளையும், நியமனக் கடிதத்துக்காக நின்ற பட்டதாரிகளையும் கண்ணாடிக்கு இப்பாலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயினும், கடந்த ஓராண்டுக்கு மேலாக எங்கள் சொந்தக் குடும்பத்தில் நடந்துவரும் காத்திருப்பு, நான் முன்பு அறிந்த எதனோடும் ஒவ்வாத ஒன்றாக இருக்கின்றது. அதைப்பற்றிச் சிறிது சொல்லலாமென்று நினைக்கிறேன். வெளிநாட்டிற் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். அப்பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இஃது ஓரளவு பயன்படக்கூடும்.

என் தம்பியின் மகள், எனக்குப் பெறாமகள், அன்புவழிபுரத்தில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவிற் பிறந்து வளர்ந்தவள். தம்பி துறைமுகத்தில் வேலை செய்பவன். பிள்ளை பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியலைச் சிறப்புப் பாடமாகக் கற்று, 2023ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றாள். அவளை இத்துறைக்கு இழுத்தது எதுவென்று எனக்குத் தெரியும். கந்தளாய்ப் பக்கத்தில் வயல் செய்த அவளுடைய அம்மப்பா, சிறுநீரகம் பழுதுற்று, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்புக்கு அலைந்து அலைந்து இறந்தவர். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லும் பஸ் வண்டியில் அவளும் பல தடவை போயிருக்கிறாள்.

நமது வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990களிலிருந்து கண்டறியப்பட்டு வரும் ஒரு சிறுநீரக நோய் உண்டு. நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆயினும் சிறுநீரகம் மெல்ல மெல்லச் செயலிழக்கிறது. குடிநீரா, பூச்சி நாசினியா, வெயிலில் உடல் வரண்டு உழைப்பதா, வேறெதுவுமா என்று அறிஞர்கள் இன்றளவும் ஒருமுடிவுக்கு வரவில்லை. அதனாலேயே வைத்தியர்கள் அதனைக் 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று அழைக்கிறார்கள். அம்மப்பாவுக்கு வந்தது அந்நோய்தானென்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. ஆனால் பெயரிலேயே அறியாமையை ஒப்புக்கொள்ளும் நோயொன்று இருக்கிறதென்று படித்த நாளிலிருந்து அவள் மனம் அங்கே சென்று ஒட்டிக்கொண்டது. அதை ஆராய வேண்டும், அதற்குரிய பயிற்சியைப் பெறவேண்டும் என்பதே அவளுடைய ஆசை. நம் நாட்டிலும் திறமான ஆராய்ச்சியாளர்கள் உளர். எனினும் படிப்புச் செலவோடு வாழ்க்கைச் செலவையும் தந்து, ஐந்தாறு ஆண்டுகள் ஒரு மாணவியை ஆய்வுகூடத்தில் வைத்துப் பயிற்றும் வசதி இங்கே அரிது. எனவே ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவ விஞ்ஞானக் கலாநிதிப் பட்டத்துக்கு அவள் விண்ணப்பித்தாள்.

இந்த விண்ணப்பத்தின் முறையை நம்மவர்கள் பலர் அறியார். அறியாமையினாலேயே வீண் கவலை பெருகுகின்றது. ஆகையால் அதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பங்களின் கடைசித் திகதி பெரும்பாலும் டிசம்பர் முதலாந் திகதியை ஒட்டியிருக்கும். தான் செய்த ஆராய்ச்சியையும் செய்ய விரும்புவதையும் விளக்கி மாணவர் ஒரு கட்டுரை எழுதவேண்டும். அவரை அறிந்த ஆசிரியர்கள் மூவர் சான்றுக் கடிதம் அனுப்பவேண்டும். பின்னர் பேராசிரியர்கள் அடங்கிய குழுவொன்று அவற்றைப் படித்து, சிலரை மாத்திரம் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும். அந்த அழைப்புகள் டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி முடியும்வரையும், சில வேளை அதற்குப் பின்னும், அலை அலையாக வரும். நேர்முகப் பரீட்சைகள் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடைபெறும். அந்நாட்டில் இருப்பவர்களைப் பல்கலைக்கழகமே செலவு செய்து வரவழைத்து, இரண்டு மூன்று நாள்கள் தங்கவைத்து, உணவளித்து, பேராசிரியர்களோடு பேசவைப்பது வழக்கம். கடல் கடந்த நாடுகளில் இருப்பவர்களோடு பெரும்பாலும் கணினித் திரைமூலம் பேசுவார்கள். உதவிப்பணத்தோடு இடம் அளிக்கப்பட்ட மாணவர் ஏப்ரல் 15ஆம் திகதிவரை யோசித்துப் பதில் சொல்லலாமென்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதிவரை ஒருவர் விட்ட இடம் மற்றொருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இத்துறையில் ஒரு மாணவரைச் சேர்ப்பதென்றால், அவருடைய கல்விக் கட்டணத்தையும் மருத்துவக் காப்புறுதியையும் மாதாந்தச் செலவுப் பணத்தையும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்வது வழக்கம். அதாவது, ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால் ஐந்தாறு ஆண்டுப் பணம் இருக்கவேண்டும். அந்தப் பணத்தின் பெரும் பகுதி, நேராகவோ சுற்றியோ, அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய சுகாதார நிறுவனங்களிலிருந்து வருவது. அந்நிறுவனங்கள் மாணவரைப் பயிற்றுவதற்கென வழங்கும் மானியங்களிற் பெரும்பாலானவை அமெரிக்கப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களுக்கும் மாத்திரமே உரியவை. அதனால் நம்மைப் போன்ற பிறநாட்டுப் பிள்ளைகளுக்கு எஞ்சும் இடங்கள் மிகச் சில. திறமையுள்ள பிள்ளைக்கும் அழைப்பு வாராமற் போவதற்கு இஃதொரு பெருங் காரணம்.

பெறாமகள் 2024 டிசம்பரில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு இடங்கள் கட்டணத்தை விலக்கின. மற்ற நான்கின் கட்டணமும் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா ஆயிற்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்கு முன்பு ஒரு டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்தது. அவள் விண்ணப்பித்த வேளையில் அது முந்நூறை ஒட்டி நின்றது. தாயின் காப்புகள் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின. அந்தக் காப்புகள் போனதை வீட்டில் எவரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசாத காரணத்தாலேயே, அழைப்பு வரவேண்டுமென்ற எதிர்பார்ப்பில் அவற்றின் பாரமும் ஏறிக்கொண்டது.

நான் தபாற் கந்தோரில் இருந்த காலத்துக் காத்திருப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. கொழும்பிலிருந்து இரவுத் தபால் புகையிரதம் காலையில் வந்து சேரும். பைகளை அவிழ்ப்போம், பிரிப்போம், முத்திரை குத்துவோம். தபாற்காரர் சைக்கிளில் புறப்படுவார். பதினொரு மணிக்கு அவர் ஓர் ஒழுங்கையைக் கடந்து போய்விட்டால், அந்த ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு அன்றைய காத்திருப்பு முடிந்தது. இனி நாளைதான். உலையை வைக்கலாம், துணி துவைக்கலாம், பின்னேரம் கடற்கரைக்குப் போகலாம். கடிதம் வராத துயரத்துக்கும் ஒரு நேர எல்லை இருந்தது.

மின்னஞ்சலுக்கு அந்த எல்லை இல்லை. அது எந்த நிமிடத்திலும் வரலாம். ஆகவே எந்த நிமிடமும் தபாற்காரர் வரும் நிமிடமே. அதிலும் அமெரிக்கக் கந்தோர்கள் விழித்திருக்கும் வேளை நமக்கு இரவு. மாரி காலத்தில் அந்நாட்டின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணித்தியால வேறுபாடு. மேற்குக் கரைக்குப் பதின்மூன்றரை. பொஸ்ரனிற் காலை ஒன்பது மணிக்கு ஒருவர் மேசையில் வந்து உட்காரும்போது அன்புவழிபுரத்தில் இரவு ஏழரை. அவர் மாலை ஐந்து மணிக்கு எழுந்து வீடு செல்லும்போது நமக்கு விடியப்புறம் மூன்றரை. பிள்ளை கைத்தொலைபேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துப் படுத்தாள். மழைத்துளி தகரத்தில் விழும் சத்தத்துக்கும் விழித்தாள். திருவெம்பாவைக் காலத்துச் சங்கொலி கேட்கும்வரை உறங்காத இரவுகள் பல. முகம் வெளிறிற்று, உணவு குறைந்தது. "இண்டைக்கும் ஒண்டும் இல்லைப் பெரியப்பா" என்று அவள் சொல்லும்போது, அந்தச் சொற்கள் கடிதத்தைப் பற்றியவையாக இல்லை. 'நான் ஒன்றுமில்லை' என்று சொல்வதுபோல் இருந்தன.

என் பழைய தொழில் எனக்கு ஒரு வழி காட்டிற்று. கடிகாரத்தைக் கணக்குப் பார்த்தேன். மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவில் மாலை ஐந்து மணி ஆகும்போது இங்கே காலை ஆறரை. எனவே காலை ஆறரைக்குத் தபாலைத் திறந்தால், அமெரிக்கா முழுவதிலும் அன்றைய வேலை நாளில் அனுப்பிய யாவும் வந்து சேர்ந்திருக்கும். இரவில் விழித்துப் பார்ப்பதால் ஒரு கடிதமும் முந்தப்போவதில்லை. அழைப்பு அனுப்புவோர் பதிலுக்குச் சில நாள் தவணை தருவார்கள். சில மணித்தியாலத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இதை அவளிடம் சொன்னேன். விஞ்ஞானம் படித்த பிள்ளையாதலால் கணக்கை ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து இரவு ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசி என் அறை அலுமாரிக்கு வந்துவிடும். காலை ஆறரைக்கு, தேநீர் குடித்தபின், அவளே வந்து எடுத்துப் பார்ப்பாள். பார்த்து முடிந்தால் அன்றைய தபால் முடிந்தது. இந்த ஒழுங்கு வந்த மூன்றாம் நாள் அவள் விடியும்வரை நித்திரை கொண்டாளென்று தாய் வந்து சொன்னார்.

தபாலை ஒழுங்குக்குள் கொண்டுவரலாம். அயலை எப்படிக் கொண்டுவருவது? அன்புவழிபுரம் பெயருக்கேற்ற ஊர். ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் அடுத்த வீடு அறிந்துகொள்ளும். அந்த அன்பே இங்கே தொல்லையாயிற்று. கடைக்குப் போனால், "அமெரிக்கா எப்ப?" கோயிலுக்குப் போனால், "கடிதம் வந்திட்டுதோ பிள்ளை?" பஸ் தரிப்பிடத்தில், "இன்னும் வரேல்லையோ?" கேட்பவர் ஒரு தடவைதான் கேட்கிறார், பதில் சொல்பவள் நாளுக்குப் பத்துத் தடவை சொல்லவேண்டும். ஒவ்வொரு தடவையும் 'இல்லை' என்ற சொல் அவள் வாயிலிருந்தே வரவேண்டும். பல்கலைக்கழகம் சொல்லாத 'இல்லை'யை ஊருக்காக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தைப்பொங்கலுக்கு மறுநாட் காலை ஆறரைக்கு ஓர் அழைப்பு வந்தது. ஆறு இடங்களில் ஓரிடம். தை பிறந்தால் வழி பிறக்குமென்று தாய் விளக்கேற்றினார். நேர்முகப் பரீட்சை ஜனவரி கடைசிக் கிழமையில், நம் நேரம் இரவு எட்டரைக்கு. தம்பி வீட்டில் மழைக்கு இணையத் தொடர்பு அறுந்து அறுந்து வருமாதலால், எங்கள் வீட்டு முன்னறையை ஒழுங்கு செய்தோம். மின்சாரம் நின்றாலுமென்று அயல் வீட்டிலிருந்து மின்கலமொன்றை இரவல் வாங்கி வைத்தோம். நாய்களைப் பின்வளவில் கட்டினோம். நானும் தம்பியும் விறாந்தையில் இருளில் உட்கார்ந்திருந்தோம்.

நான்கு பேராசிரியர்கள், ஒருவருக்கு அரை மணித்தியாலம். நான் எண்ணியிருந்ததுபோல அது கேள்விமேற் கேள்வி கேட்டு மடக்கும் பரீட்சையன்று. "நீ செய்ததைச் சொல், ஏன் அப்படிச் செய்தாய், அடுத்து என்ன செய்வாய்?" என்று ஒரு தொழிலாளி மற்றொரு தொழிலாளியை விசாரிப்பது போன்ற பேச்சு. ஒருவர், "உன் ஆராய்ச்சியில் எது பிழைத்தது?" என்று கேட்டார். பேராதனையில் மூன்று மாதங்கள் ஒரே பரிசோதனை மறுபடி மறுபடி பிழைத்ததை அவள் சொன்னாள். வெப்பநிலையை மாற்றியும், இரசாயனங்களைப் புதிதாக வாங்கியும் பலனில்லை. குருதியிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ.யோடு கலந்திருந்த மாசுதான் வினையைத் தடுத்தது. அதைக் கழுவி நீக்கும் முறையைக் கண்டபின்னரே முடிவு வந்தது. அவள் குரலில் நடுக்கம் இல்லை. பத்து ஆண்டுகள் ஒரே பட்டறையில் வேலை செய்தவரின் நிதானம் இருந்தது. தம்பிக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. ஆயினும் அவன் என் கையைப் பிடித்து, "நல்லாச் சொல்றாள் என்ன?" என்றான். அந்த இரவு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு கிழமை சென்றது. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி, மேற்சொன்ன தேசிய சுகாதார நிறுவனங்கள் ஓர் அறிவித்தலை வெளியிட்டன. ஆராய்ச்சி மானியத்தோடு பல்கலைக்கழகங்களுக்குக் கட்டடம், மின்சாரம், நிருவாகம் முதலியவற்றுக்காகக் கொடுத்துவந்த மேலதிகத் தொகையை 15 சதவீதத்துக்கு மேற்படாமற் குறைக்கப்போவதாக அது கூறிற்று. அதற்கு முன் பல பல்கலைக்கழகங்கள் 50 சதவீதத்துக்கு மேலும் பெற்றுவந்தன. நீதிமன்றம் அதனைத் தடுத்தது. ஆனால் வரவு எவ்வளவு என்று தெரியாத வீட்டில் விருந்தினரை அழைக்க எவர் துணிவார்? பல இடங்களில் கலாநிதி மாணவர் சேர்க்கையைக் குறைத்தார்கள். சில இடங்களில் நிறுத்தி வைத்தார்கள். மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலுள்ள அரசினர் மருத்துவக் கல்லூரி, உயிர்மருத்துவ விஞ்ஞானப் பட்டப்பின் படிப்புக்கு அவ்வாண்டு வழங்கியிருந்த அனுமதிகளை மார்ச் மாதத்தில் மீளப் பெற்றுக்கொண்டது. கையிற் கிடைத்த கடிதமே செல்லாததாயிற்று! அந்நாட்டுப் பிள்ளைகளும் அதிற் பாதிக்கப்பட்டார்கள்.

எங்கள் பிள்ளையை அழைத்த இடம் வேறு. அங்கிருந்து பெப்ரவரி மூன்றாங் கிழமையில் ஒரு மடல் வந்தது. அவளுடைய நேர்முகத்தைப் பாராட்டி, நிதி நிலைமை தெளிவில்லாமையால் அவளைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருப்பதாக எழுதியிருந்தார்கள். மற்ற ஐந்தில் இரண்டு இடங்கள் இல்லையென்றன, மூன்று பேசவேயில்லை.

வூஸ்டர் என்ற பெயரைச் செய்தியிற் படித்தபோது எனக்கு வேறொரு நினைவு எழுந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன், அந்த வூஸ்டரிற் பிறந்தவர். 1847இல் இலங்கைக்கு வந்தார். இடையிற் சில ஆண்டுகள் தாயகம் சென்று மீண்டு, 1873வரை இங்கே பணியாற்றினார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். கலைச் சொற்களை ஆக்கினார். நம்மிளைஞர்களைத் தமிழ்மொழி மூலம் வைத்தியராக்கினார். 1884இல் வூஸ்டரிலேயே காலமானார். அன்று ஒரு மனிதர் கப்பலேறி மாதக்கணக்காகப் பயணஞ் செய்து, அறிவை நம் வாசலுக்குக் கொண்டுவந்தார். இன்று நம் பிள்ளைகள் அதே ஊர்களின் வாசலில் நிற்கிறார்கள். அந்த வாசல் திறப்பதும் மூடுவதும் நிற்கும் பிள்ளையின் தகுதியை மாத்திரம் பொறுத்ததன்று என்பதை 2025ஆம் ஆண்டு உலகறியக் காட்டிற்று.

எங்கள் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய பாடமன்று. ஆழமும் அடைப்பும் உள்ள இயற்கைத் துறைமுகங்களுள் உலகிற் பெயர் பெற்றது இது. அப்படியிருந்தும் வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களைக் காண்கிறோம். இறங்குதுறை ஒழியவேண்டும், வழிகாட்டும் மாலுமி ஏறவேண்டும். வெளியே நிற்கும் கப்பலைப் பார்த்து, அது ஓட்டைக் கப்பலென்று எங்களூர்ச் சிறுவனும் சொல்லமாட்டான்.

இதற்கிடையில் மற்றொரு கடிதம் வந்தது. இது பதிவுத் தபாலில், உண்மையான தபாற்காரரின் கையால். துறைமுகத்துக்கு அக்கரையிலுள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் வேலை. மார்ச் 3ஆம் திகதி பொறுப்பேற்கவேண்டும்; தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலோ ஏப்ரல்வரை நீளும். தாய் கலங்கிப்போனார். "கையில இருக்கிறதை விட்டிட்டு ஆகாயத்தைப் பாக்காதை பிள்ளை" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அடகிலிருந்த காப்புகளை மீட்க வழி வேண்டாமா? தம்பி ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பிள்ளையும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, நான் வேலைக்குப் போறன். ஆனா, அவங்கள் வேண்டாமெண்டதால போறன் எண்டு நினையாதேங்கோ. அங்க முப்பது பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்க ஆளில்லை. அதுக்காகப் போறன். டிசம்பரில திரும்பவும் விண்ணப்பிப்பன்."

மார்ச் நடுப்பகுதியில், இவ்வாண்டு இனி இடமில்லையென்ற கடைசி மடல் வந்தது. அன்று அவள் பாடசாலையில் இருந்தாள். மாலையில் வந்து, படித்து, மடித்து வைத்துவிட்டு, மறுநாள் வகுப்புக்குச் சிறுநீரகத்தின் படத்தை வரையத் தொடங்கினாள். அவள் அழவில்லையென்று சொல்லமாட்டேன். படம் வரைந்து முடித்தபின்னரே அழுதாள்.

இவ்விடத்தில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப்பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 1952இல் சிதம்பரத்திற் பிறந்தவர். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976இற் பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அதன்பின் தமது நாட்டம் உயிரியலில் என்று உணர்ந்து, கலிபோர்னியாவின் சான் டியாகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் விரிவுரையாளர் பதவி தேடி ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கலத்தினுள்ளே புரதத்தை ஆக்கும் இறைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் இரசாயனவியல் நொபெல் பரிசை வேறிருவரோடு பகிர்ந்து பெற்றார்.

இக்கதையைக் கேட்டதும், "பொறு பிள்ளை, உனக்கும் நொபெல் பரிசு வரும்" என்று ஆறுதல் சொல்வது நம்மவர் வழக்கம். அஃது ஆறுதலன்று, காப்புகளின் பாரத்துக்கு மேல் இன்னொரு பாரம். ஐம்பது இடங்களில் இல்லையென்று கேட்டவர்களிற் பெரும்பாலார் பரிசு பெறுவதில்லை. நான் இக்கதையிற் காண்பது வேறு. அந்த ஐம்பது இடங்கள் அவரை வேண்டாமென்றபோதும் அவருக்கிருந்தது அதே அறிவு, அதே கைத்திறன். பரிசு வந்து அவரைத் தகுதியுள்ளவராக்கவில்லை. மௌனம் வந்து தகுதியற்றவராக்கவும் இல்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும், பரிசு வந்தாலும் வராவிட்டாலும்.

பெறாமகள் 2025 டிசம்பரில் மறுபடியும் விண்ணப்பித்தாள். இம்முறை அவளுடைய சம்பளத்திலேயே கட்டணம் செலுத்தினாள். தாயின் காப்புகளில் ஒன்றை மீட்டும் கொடுத்திருக்கிறாள். அவளுடைய மாணவர்கள் கலம், இழையம், நொதியம் என்று தமிழிற் கற்பவர்கள். மேற்படிப்புக்குப் போகும்போது ஆங்கிலச் சொற்கள் அவர்களைத் தடுக்காதிருக்க, இரு மொழியிலும் ஒரு சொற்கோவையைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வருகிறாள். இதுவும் காத்திருக்கும் காலத்தில் நடந்த வேலைதான். இவ்வாண்டு அழைப்பு வந்தால், விசாவுக்காகக் கொழும்பில் மற்றொரு நேர்முகம் இருக்கிறது. அதற்கு மற்றொரு காத்திருப்பும் இருக்கிறது. இதை எழுதும் வேளையில் எவ்விடத்திலிருந்தும் பதில் வரவில்லை.

இப்படியொரு பிள்ளை வீட்டில் இருப்பவர்களுக்கு, அநுபவத்தால் அறிந்த சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். விண்ணப்பத்தின் நாட்கணக்கைப் பிள்ளையிடம் கேட்டு, வீட்டிலுள்ள யாவரும் ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள். பிறகு நாளுக்கு நாள் கேட்கவேண்டியதில்லை. தபால் பார்ப்பதற்கு ஒரு நேரத்தைக் குறியுங்கள். இரவைத் தூக்கத்துக்கு விட்டுவிடுங்கள். எதையாவது அடகு வைத்திருந்தால் அதை மறைக்காமற் பேசி, மீட்கும் வழியையும் அப்போதே பேசிவிடுங்கள். கையில் வரும் நல்ல வேலையைத் தோல்வியின் சம்பளமென்று எண்ணாதிருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கும் பிள்ளையைச் சந்திக்கும்போது, "கடிதம் வந்ததா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு என்ன படித்தாய், என்ன படிப்பித்தாய்?" என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும்.

எங்கள் வீட்டில் ஏப்ரல் 15ஆம் திகதிவரை எவரும் அந்த முதற் கேள்வியைக் கேட்பதில்லையென்று தீர்மானித்திருக்கிறோம். அன்புவழிபுரத்து அயலவர்களும் அவ்வாறே செய்வார்களாயின், நாங்கள் பெரிதும் நன்றியுடையோம். செய்தி வந்தால் நாங்களே வந்து சொல்லுவோம்.